இருவாட்சி வீட்டில் யார் உழைப்பாளி?

சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன், படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஒரு பயிற்சி நூலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். இருவாட்சிப் பறவையைப் பற்றிய கேள்வி அது. மரப்பொந்துக்குள் பெண் பறவை அடைபட்டிருக்கும் படம். வெளியே அலகில் பழத்தோடு ஆண் பறவை. ஆண் பறவைக்கு ஏன் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது என்பது கேள்வி. பின்பக்கத்தில் விடை: ஆண் பறந்து உணவு தேடுகிறது, பெண் கூட்டில் ஓய்வெடுக்கிறது.

“டீச்சர், முட்டை போடுறதும் ஓய்வா?” என்று கேட்டாள்.

மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த விடையின் இரண்டாம் பாதி தவறு. பறப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதை உழைப்பு என்கிறோம். அசையாமல் இருப்பதை ஓய்வு என்கிறோம். உடலின் ஆற்றல் கணக்கு அப்படி எழுதப்படுவதில்லை. இந்தத் தவறு தேர்வில் இரண்டு மதிப்பெண்ணோடு போய்விட்டால் பரவாயில்லை. பறவைகளைக் காப்பாற்றும் வேலையிலும் அது புகுந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இருவாட்சி அந்நியப் பறவை இல்லை. தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் நடக்கப் போகிறவர்களும் கொடிமலை ஏறுகிறவர்களும் பார்த்திருப்பார்கள். கறுத்த உடல், வெள்ளை வயிறு, பெரிய வெளிர்மஞ்சள் அலகு, அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்துவைத்தாற்போல் ஒரு கொண்டை. மலாயில் இதற்கு எங்காங் கெலிங்கிங் என்று பெயர். மலேசியாவில் இருக்கும் 10 இருவாட்சி இனங்களில் ஊருக்குள் துணிந்து வருவது இதுதான். “எங்காங் சாம எங்காங், பிப்பிட் சாம பிப்பிட்” என்ற பழமொழியை மலாய்மொழி வகுப்பில் படித்திருப்பீர்களே, அந்த எங்காங்கின் குடும்பம். கொடிமலைக் காட்டை யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நம் வீட்டுக்குப் பின்னாலேயே இப்படி ஒரு காடு இருக்கும்போது, இந்தப் பாடத்தைப் பயிற்சி நூலில் மட்டும் படிக்க வேண்டியதில்லை.

இருவாட்சிக்கு மரத்தைத் துளைக்கத் தெரியாது. இயற்கையாக விழுந்த பொந்தையோ மற்றப் பறவைகள் விட்டுப்போன பொந்தையோதான் அது தேடவேண்டும். பொருத்தமான பொந்து கிடைத்ததும் பெண் உள்ளே போய், தன் எச்சம், உணவு மிச்சம், மண் ஆகியவற்றைக் குழைத்து வாயிலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. ஓர் அலகு நுழையும் அளவுக்கு மட்டும் நீண்ட பிளவு ஒன்றை விட்டுவைக்கும். பாம்பும் உடும்பும் நுழைய முடியாது. அந்தப் பிளவின் வழியாகத்தான் ஆண் உணவு கொடுக்கிறது. நம் ஊர் இருவாட்சியில் பெண் ஏறத்தாழ மூன்று மாதம் உள்ளேயே இருக்கும். குஞ்சு பறக்கத் தயாராகும்போதுதான் வெளியே வரும். அதைவிடப் பெரிய இனமான எங்காங் பாப்பானில் பெண் கொஞ்சம் முன்னதாகவே வெளியே வந்துவிடும். குஞ்சு மறுபடி வாயிலைப் பூசிக்கொள்ள, அதன்பின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தீனி கொடுப்பார்கள்.

ஆணின் கணக்கை முதலில் பார்ப்போம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளிக்கன்ன இருவாட்சி என்று ஓர் இனம் உண்டு. அதன் ஆண் ஒன்று 120 நாளில் சுமார் 1,600 தடவை கூட்டுக்கு வந்து, ஏறத்தாழ 24,000 பழங்களைக் கொடுத்தது என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று தடவைக்கு மேல். ஒரு தடவைக்குப் பதினைந்து பழம். படத்தில் காட்டுவதுபோல் அலகு நுனியில் ஒரு பழத்தை மட்டும் கவ்விக்கொண்டு வருவதில்லை. தொண்டைக்குள் நிறைத்துக்கொண்டு வந்து, கூட்டின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மேலே எக்கி எடுத்துக் கொடுக்கும்.

ஏன் நிறைத்துக்கொண்டு வருகிறது? இதற்குப் பதில் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. கணக்குக்காக 3 கிலோ எடையுள்ள ஒரு பெரிய இருவாட்சி என்று வைத்துக்கொள்வோம். அது 50 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள்: 3 × 10 × 50 = 1,500 ஜூல். தொண்டையில் இருக்கும் 100 கிராம் பழத்துக்கு? 0.1 × 10 × 50 = 50 ஜூல்தான். ஆக, பயணத்தின் செலவில் பெரும்பகுதி பறவை தன் உடம்பைத் தானே தூக்குவதற்குப் போகிறது. பழத்தின் சுமை சில்லறை. லாரி வாடகை ஒன்றுதான் என்றால் நிறைய ஏற்றிக்கொண்டு வருவதுதானே லாபம்? தசை, தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையோ அதைவிடக் குறைவாகவோதான் வேலையாக மாற்றும்; மற்றது வெப்பமாகப் போய்விடும். ஆகவே உண்மையான செலவு நாம் போட்ட 1,500ஐப்போல் நான்கு மடங்குக்கு மேல். சிறகடித்துப் பறப்பது மிகவும் செலவுள்ள வேலை; இதில் எனக்கு மறுப்பில்லை.

இப்போது பெண்ணின் கணக்கு. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். பெண் பறவைகள் முட்டையிடும் காலத்துக்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் தூண்டுதலால் எலும்புகளின் உட்குழிவில் கால்சியத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஆண் பறவைகளுக்கு இந்தச் சேமிப்பு எலும்பு கிடையாது. (வீட்டுக் கோழிக்கும் இதே ஏற்பாடுதான்.) பிறகு மஞ்சள் கருவுக்குக் கொழுப்பு, வெள்ளைக்கருவுக்குப் புரதம், அடைகாக்க உடல் வெப்பம். இவையெல்லாம் நடக்கும்போதே பல இருவாட்சி இனங்களில் பெண் இன்னொரு வேலையையும் செய்கிறது: தன் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது.

இறகுதானே என்று நினைக்காதீர்கள். பல பறவைகளில் இறகுகளின் மொத்த எடை எலும்புக்கூட்டின் எடையைவிட அதிகம். இறகு என்பது கெரட்டின். கெரட்டின் என்பது புரதம். வெளியில் திரியும் பறவைகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டாகத்தான் இறகு உதிர்க்கும். மொத்தமாக உதிர்த்தால் பறக்க முடியாது, பூனைக்கு இரையாக வேண்டியதுதான். பூசி அடைத்த அறைக்குள் இருப்பதால் பெண் இருவாட்சிக்கு மட்டும் அந்தத் துணிச்சல் சாத்தியமாகிறது. பறக்காமல் மிச்சப்படுத்திய ஆற்றலைப் புதிய இறகாக மாற்றிக்கொள்கிறது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஜூல் என்று மட்டும் கேட்டால், உள்ளே இருக்கும் பெண்ணின் செலவு ஆணின் செலவைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். பொந்துக்குள் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது, பறத்தலும் இல்லை. அதனால்தான் அந்த விடையின் முதல் பாதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குறைவான செலவுக்குப் பெயர் ஓய்வு அல்ல. கடையில் பணத்தைக் கையாளாதவர் வேலை செய்யவில்லை என்று சொல்வோமா? சிங்கப்பூரில், புலாவ் உபின் தீவில், நம் ஊர் இருவாட்சிக்காகச் செயற்கைக் கூடுகளை வைத்துக் கேமராவையும் பொருத்தி ஆராய்ந்தார்கள். உள்ளே நடப்பதை அதில் பார்க்க முடிந்தது. படிக்கும்போது மனம் சங்கடப்பட்ட ஒரு செய்தியும் அதில் உண்டு: தாய்ப் பறவை தன் குஞ்சுகளில் ஒன்றைக் கொன்று மற்றதற்கு உணவாகக் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் உணவை வைத்து எத்தனை குஞ்சை வளர்க்க முடியும் என்ற வரவு செலவு, இருட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் ஆனைமலையில் ரகுபதி கண்ணன் என்ற ஆய்வாளர் பெரிய இருவாட்சியின் கூடுகளைக் கவனித்து, 1997ஆம் ஆண்டு தம் பேராசிரியருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். ஆண் கொண்டுவந்த பழங்களில் பெரும்பங்கு காட்டு அத்தி வகைகள். அத்தியில் கால்சியம் அதிகம். முட்டை ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் வேண்டியது எது என்பதை யோசித்தால், ஆணின் பயணமும் பெண்ணின் உடம்பும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது புரியும். ஆண் எங்கே பறக்கிறது என்பதைப் பெண்ணின் தேவையும் தீர்மானிக்கிறது.

பறவை செலவிடும் ஆற்றலை எப்படித்தான் அளக்கிறார்கள்? ஓடுபொறியில் ஏற்றி முகமூடி மாட்டவா முடியும்? 1950களில் நேதன் லிஃப்சன் என்ற அமெரிக்க அறிவியலாளரும் அவருடைய குழுவும் ஓர் அழகான வழியை உருவாக்கினார்கள். சாதாரண ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் பதிலாக, அவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரை விலங்குக்குக் கொடுக்க வேண்டும். கன ஹைட்ரஜன் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்சிஜனோ நீராகவும் போகும், மூச்சுக்காற்றில் கார்பன் டைஆக்சைடாகவும் போகும். சில நாள் கழித்து இரத்தத்தில் இரண்டும் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்தால், அந்த வித்தியாசம்தான் வெளியேறிய கார்பன் டைஆக்சைடு. அதிலிருந்து எவ்வளவு உணவு எரிந்தது என்று கணக்கிடலாம். உயிரணுச் சுவாசச் சமன்பாட்டை மனப்பாடம் செய்தீர்களே, அதன் வலப்பக்கத்தில் இருக்கும் அதே வாயு. ஆனால் இதற்குப் பறவையை இரண்டு முறை பிடித்து இரத்தம் எடுக்க வேண்டும். பூசி அடைத்த கூட்டில் கைவைத்தால் குடும்பமே கலையும். வெளியில் பறக்கும் பறவையைப் பிடிப்பதுதான் எளிது.

இங்கேதான் நான் சொல்லவந்த சிக்கல் தொடங்குகிறது. எது எளிதோ அதையே மனிதர்கள் அளக்கிறார்கள். தாய்லாந்தின் காவ் யாய் தேசியப் பூங்காவில் பேராசிரியர் பிலாய் பூன்ஸ்வாட் 1978 முதல் இருவாட்சிகளை ஆராய்ந்துவருகிறார். ஆசியாவில் இந்தப் பறவைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவருடைய உழைப்பு. அவர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், சமிக்ஞைக் கருவி பொருத்திய ஆண் பறவைகளின் நடமாட்ட எல்லையை அளந்தார். கூடு இருக்கும் காலத்தில் ஆண் சுற்றும் பரப்பு சிறியது. மற்றக் காலத்தில் பெரியது. தூரம் வேறு, பரப்பு வேறு என்பதைக் கவனியுங்கள். குடும்பத்துக்காகக் கூட்டுக்கும் அத்தி மரத்துக்கும் இடையே ஓடி ஓடி வருகிற ஆணின் எல்லை வரைபடத்தில் சுருங்கியிருக்கும். அந்த ஆய்வு ஆண்களைப் பற்றியது என்பதை அவர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அது நல்ல அறிவியல். சிக்கல், அதைப் படிக்கும் நாம் “இருவாட்சி இத்தனை தூரம் பறக்கும்” என்று பொதுவாக எழுதிவிடுவதில்.

இருவாட்சியில் மட்டும் இல்லை. ஐந்து பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி மாதிரிகளை 2019ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்குழு எண்ணிப் பார்த்தது. ஆண், பெண் என்று குறிக்கப்பட்ட பறவைகளில் பெண் 40 விழுக்காடுதான். வண்ண வண்ண இறகுள்ள ஆண்களையே சேகரிப்பவர்கள் விரும்பியிருக்கிறார்கள். “ஆண் பறவைதான் பாடும்” என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வில், பார்க்கப்பட்ட பாடும் பறவை இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுகிறது என்று தெரிந்தது.

“பெண் வீட்டில் இருப்பதுதான் இயற்கை” என்று யாராவது வாதாட இருவாட்சியைத் துணைக்கு இழுத்தால், அவரை அண்டார்க்டிகாவுக்கு அனுப்புங்கள். பேரரசப் பெங்குவினில் முட்டையிட்டவுடன் பெண் கடலுக்குப் போய்விடும். ஆண்தான் பனியில் நின்றுகொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் காலின்மேல் முட்டையை வைத்து அடைகாக்கும். இணைசேரும் காலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மாதம் பட்டினி. உடல் எடையில் 40 விழுக்காடுவரை இழந்துவிடும். அது அசையாமல் நிற்கிறது. அதை ஓய்வு என்று எழுத எந்தப் பயிற்சி நூலுக்கும் துணிச்சல் வராது.

இனி, உயிரைப் பாதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தெற்கு இந்தியப் பெருங்கடலில் குரோசே என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே கூடு கட்டும் அலைந்துதிரியும் அல்பட்ராஸ் பறவையில் ஆண், பெண்ணைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிக எடை. கனமான உடலுக்குப் பலத்த காற்று தேவை. அதனால் ஆண்கள் தெற்கே, கடும் காற்று வீசும் குளிர்கடலில் இரை தேடும். இலேசான பெண்கள் வடக்கே, வெப்பமான கடல் பக்கம் போகும். சூரை மீன் பிடிக்கும் நீள்தூண்டில் கப்பல்கள் அதிகம் இருப்பது அந்த வடக்குப் பக்கத்தில். தூண்டிலில் இருக்கும் இரையைக் கவ்விப் பெண் பறவைகள் அதிகமாகச் செத்தன. பறவைகளை ஒட்டுமொத்தமாக மட்டும் எண்ணியிருந்தால் காரணம் புரிந்திருக்காது. எந்தப் பால், எந்தக் கடல் என்று பிரித்துப் பார்த்ததால்தான் ஆபத்து எங்கே என்று தெரிந்தது.

நம் நாட்டில் இதன் மறுபக்கம் நடக்கிறது. எங்காங் தெபாங் மெந்துவா என்ற இருவாட்சியின் கூவல், கோடரியால் வெட்டும் ஓசைபோல் தொடங்கிச் சிரிப்பில் முடியும். மாமியார் வீட்டின் கால்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் இந்தப் பறவையானான் என்று மலாய்க் கதை சொல்லும். பெயரும் அப்படி வந்ததுதான். இதன் கொண்டை மட்டும் உள்ளே கெட்டியாக, தந்தம்போல் இருக்கும். அதைச் செதுக்கி விற்கக் கள்ளத்தனமாக வேட்டையாடுகிறார்கள். 2015ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. இதன் பெண் ஏறத்தாழ ஐந்து மாதம் பொந்துக்குள் இருக்கும். அந்தக் காலத்தில் ஆண் ஒன்று சுடப்பட்டால், வேட்டைக்காரன் கணக்கில் ஒரு பறவை. உண்மையில் இறகு உதிர்ந்து பறக்க முடியாத தாயும் குஞ்சும் உள்ளே பட்டினி கிடக்கின்றன.

ஆகவே என் மாணவர்களிடமும் இதைப் படிக்கும் உங்களிடமும் நான் கேட்பது, பறவைக் குறிப்பேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள் என்பதுதான். ஆணா, பெண்ணா, தெரியவில்லையா? நம் ஊர் இருவாட்சியில் பிரித்தறிவது அவ்வளவு கடினம் இல்லை. ஆணின் கொண்டை பெரியது. பெண்ணுக்குச் சிறியது, அலகிலும் கறுப்பும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும். எங்காங் பாப்பானில் கண்ணைப் பாருங்கள்: ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய நிறம். கைத்தொலைநோக்கி இல்லாவிட்டால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்; அதுவும் ஒரு தகவல்.

ஆண்டின் முற்பகுதியில் தனியாக ஒரே ஆண் ஒரே மரத்துக்கு மறுபடி மறுபடி வந்துபோனால், “ஜோடி இல்லாத பறவை” என்று எழுதிவிடாதீர்கள். அந்த மரத்தில் ஒரு பெண் இருக்கக்கூடும். படமெடுக்க நெருங்கிப்போனால் அது கூட்டுக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், ஒவ்வொரு வீண் சுற்றும் அதன் செலவில்தான் எழுதப்படும். சாலையோரத்திலும் வீட்டுப் பக்கத்திலும் பொந்து விழுந்த பழைய மரத்தை ஆபத்து என்று வெட்ட வருவார்கள். சில மரங்களை வெட்டத்தான் வேண்டும். வெட்டும் முன் ஒரு காலைப்பொழுது யாராவது கீழே நின்று பொந்தைப் பார்க்கட்டும். வாயில் பூசியிருக்கிறதா, கீழே தரையில் எச்சமும் அத்தி விதையும் சிதறிக் கிடக்கின்றனவா, ஆண் வருகிறதா? பார்த்துச் சொல்ல நிபுணர் தேவையில்லை, படிவம் ஒன்று மாணவரே போதும்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி, பயிற்சி நூலின் விடையில் “ஓய்வெடுக்கிறது” என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் “முட்டை, வெப்பம், இறகு” என்று எழுதிவைத்திருக்கிறாள். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று போன வாரம் கேட்டாள். நான் திருத்தினால் கிடைக்கும் என்றேன்.